பதினேழு அங்குலம்

— ஆறாயிரம் பிக்கல் எடையா? கடல்ல அவ்வளவு சூரை மீனு இருக்குன்னு யாரு கிராணி சொன்னது?

— நான்தான் பாய்.

— நீங்களா?

— என் அளவுப் பலகை சொல்லுதுன்னு வச்சுக்குங்க. மெதுவாப் பேசுங்க. பக்கத்து வீட்டுச் செட்டியம்மா பேரப்புள்ளையத் தூங்க வைக்குது. அதுக்குத் தமிழ் வராது; போன வாரம்தான் அதுகிட்ட மலாய்ல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். உங்களுக்கு யாரு சொன்னா?

— உங்க மீன்வள ஆபீஸ் பியூன் தியாகு. நேத்து பாசார்ல மீன் வாங்க வந்தவன் வாயைத் திறந்தான். துரை கப்பலேறுறதுக்கு முந்தி நம்ம கரைக்கு ஒரு தொகை எழுதி வச்சிட்டுப் போறாராம், வருசத்துக்கு இவ்வளவு சூரை பிடிக்கலாம்னு. எவ்வளவுடான்னு கேட்டேன். ஆறாயிரம்னான். ராத்திரி பூரா தூக்கமில்ல கிராணி.

— துரை எழுதி முடிச்சிட்டாரு. அறிக்கை நாளைக்குக் காலையில கோலாலம்பூருக்குப் போகுது. அடியில, அளவெடுத்த ஆபீஸ் கிராணின்னு நான் கையெழுத்துப் போடணும். அது ஒண்ணுதான் பாக்கி.

— இன்னும் போடலையே? அல்ஹம்துலில்லா.

— எதுக்கு அல்ஹம்துலில்லா? முதல்ல உக்காருங்க. நீங்க நின்னுக்கிட்டுப் பேசுனா நான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கு. கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும் இழுக்குது.

— பட்டப்பகல்ல வெறுந்தரையில கிடக்கிறீங்களே. ரொம்ப வலியா?

— ஞாயித்துக்கிழமை முழுக்கத் தரையில கிடந்தாத்தான் திங்கக்கிழமை எந்திரிக்க முடியும். சயாம் ரயில் ரோட்டுல ஜப்பான்காரன் குடுத்த சம்பளம். பதினஞ்சு வருசமா மாசம் தவறாம வந்துக்கிட்டிருக்கு. போகட்டும். சிவகாமி! சிஹாபுதீன் பாய் வந்திருக்காரு.

— தெரியுதுங்க. அவருக்கு முந்தி மீன் வாடை வந்துருச்சு. வாங்கண்ணே. அந்தப் பையில என்ன?

— மீன்தான் தங்கச்சி.

— இன்னிக்கு எங்க வீட்டுல பூசணிக்கா சாம்பாரு.

— ஆக்குறதுக்குக் கொண்டு வரலை. காட்டுறதுக்குக் கொண்டாந்தேன்.

— மீனைக் காட்டுறதுக்கா? காலமெல்லாம் மீனைப் பார்த்துக்கிட்டே இருக்கிற மனுசனுக்கா? ஞாயித்துக்கிழமையாவது ஓய்வு குடுக்கக் கூடாதா? கோப்பி போடுறேன், இருங்க.

— கிராணி, கேட்டுக்குங்க. போன வருசம் எவ்வளவு சூரை கரைக்கு வந்துச்சு?

— மூவாயிரத்து நானூறு பிக்கல்.

— அப்ப மீதியை யாரு பிடிச்சு ஆறாயிரம் ஆக்குறது? நம்ம மீன்பிடிக் கம்பத்துல துடுப்புப் போடுற சம்பான்காரனா?

— முப்பது மோட்டார் போட்டுக்குப் புது லைசென்ஸ் குடுக்கப் போறாங்க. வடக்கேயிருந்து வர்றாங்க. ஒரு கூட்டத்தையே வளைச்சு அள்ளுற வலை.

— முப்பதா? யா அல்லா.

— ஏன் பாய் பதறுறீங்க? வர்ற மீனு உங்க பாசாருக்குத்தானே வரும்.

— எத்தனை நாளைக்கு வரும்? நீங்க எப்படி அந்த முடிவுக்கு வந்தீங்க, அதை எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. நான் மூணாங் கிளாஸ் தாண்டாதவன்.

— இதுல மூணாங் கிளாஸுக்கு மேல ஒண்ணும் இல்ல. கடலுக்குள்ள போய் மீனை எண்ண முடியாது. அதனால கரைக்கு வர்றதை அளக்கிறோம். சூரை பதினஞ்சு அங்குலம் வளர்ந்தாத்தான் சினை பிடிக்கும். வருசா வருசம் கரைக்கு வர்ற மீனு சிறுத்துக்கிட்டே போனா, பெருசெல்லாம் தீர்ந்துபோச்சு, முட்டை போடுறதுக்கு முந்தியே குட்டியை அள்ளிக்கிட்டிருக்கோம்னு அர்த்தம். உடனே வலையைக் குறைக்கணும். சிறுக்கலைன்னா, நாம பிடிக்கிறதை ஈடு கட்டிக்கிட்டு உள்ளே வளருது, இன்னும் கொஞ்சம் பிடிக்கலாம். அவ்வளவுதான்.

— உங்க பலகையில சிறுக்கலையா?

— அம்பத்து மூணுல சராசரி பதினேழு அங்குலம். மறு வருசமும் பதினேழு. இந்த வருசம் பதினேழே கால். துரையே அசந்துட்டாரு. மலாயாவுல இப்படி ஒரு கரை வேற இல்லைன்னு என் தோளைத் தட்டினாரு.

— நகல் எழுதுற எனக்கும் தெரியும்ணே. பதினேழு பதினேழுன்னு எழுதி எழுதி, பேனாவைத் திறந்தாலே கை அங்கதான் போகுது. இந்தாங்க கோப்பி.

— அங்கே வைங்க தங்கச்சி. ஒரு பழைய பேப்பர் இருந்தாக் குடுங்க, தரையில விரிக்கிறதுக்கு. கிராணி, பலகை வீட்டுலதானே இருக்கு?

— கதவுக்குப் பின்னால. எதுக்கு?

— இந்த ஆறு மீனையும் அளங்க.

— இன்னிக்கு லீவு பாய்.

— எனக்காக அளங்க. நீங்க எந்திரிக்க வேணாம். மீனையும் பலகையையும் நான் உங்க பக்கத்துலயே வைக்கிறேன். ஒருக்களிச்சுப் படுத்து அளவை மட்டும் படிங்க.

— விடமாட்டீங்களே. சரி, மூக்கைப் பலகையோட முட்ட வைங்க. வாலை இழுக்காதீங்க, வாலு பிரியற கவை வரைக்கும்தான் அளவு. பத்தரை. எடுங்க, அடுத்தது. பதினொண்ணு. இது ஒன்பதே முக்கால். இது... பத்து. பாய், எங்க பிடிச்சது இது?

— நம்ம கரைதான்.

— மிச்சம் ரெண்டையும் வைங்க. பதினொண்ணே கால். பத்தரை. ஒண்ணுகூடப் பதினஞ்சைத் தொடலையே.

— வயித்தைக் கீறிப் பார்த்துட்டுத்தான் கொண்டாந்தேன். எதுலயும் சினை இல்ல.

— ஏதோ ஒரு குட்டிக் கூட்டம் தப்பி வந்து வலையில மாட்டியிருக்கும். ஆறு மீனை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

— ஆறு இல்ல கிராணி. இன்னிக்குக் காலையில என்கிட்ட வந்தது இருபத்திரண்டு கூடை சூரை. அதுல பத்தொன்பது கூடை இந்த மாதிரிதான்.

— இன்னிக்கு மட்டும் அப்படி வந்திருக்கும்.

— நேத்தும் இப்படித்தான். போன மாசம் முழுக்க இப்படித்தான். போன வருசம் பாதிக்குப் பாதி. அதுக்கு முந்தி காவாசி. சம்பான்காரனுக்கெல்லாம் தெரியும். வலைக்கண்ணைச் சின்னதாக் கட்டிக்கிட்டிருக்கான், ஏன்னு நினைக்கிறீங்க? பெரிய கண்ணுல ஒண்ணும் நிக்க மாட்டேங்குது.

— அதெப்படி பாய்? வாரத்துக்கு ரெண்டு நாள், நாளைக்கு அம்பது மீனு. அஞ்சு வருசமா அளக்கிறேன். இந்த மாதிரி ஒண்ணு என் கையில வரலையே.

— வராது.

— என்ன வராது?

— உங்க கைக்கு வராது கிராணி.

— அண்ணே, கோப்பி ஆறுது பாருங்க.

— குடிக்கிறேன் தங்கச்சி. நீங்க உள்ளே போங்க.

— நான் எதுக்கு உள்ளே போகணும்? இது என் வீடு.

— சிவகாமி, சும்மா இரு. பாய், என் கைக்கு ஏன் வராது? விளக்கமாச் சொல்லுங்க.

— நீங்க எங்க நின்னு அளப்பீங்க?

— உங்க சிமெண்டு மேசைகிட்ட.

— மேசை மேல எந்த மீனு இருக்கும்?

— ஏலத்துக்கு வச்ச மீனு.

— ஏலத்துக்கு எதை வைப்பாங்க கிராணி? ஹோட்டல்காரனும் பங்களாச் சமையக் கோக்கியும் வந்து நிக்கிற இடத்துல இந்தக் குட்டியையா வைப்பாங்க? பெருசாப் பார்த்துப் பொறுக்கித்தான் மேல ஏத்துறது. மத்ததெல்லாம் கூடையிலயே தரையில கிடக்கும், கருவாட்டுக்குப் போகும். உங்களுக்குன்னு மேசை ஓரமா அம்பது மீனு எடுத்து வைக்கிறேனே, அதுவும் மேசை மீனுதான். எல்லாம் என் கையால பொறுக்கினது.

— கூடையில என்னன்னு நான் ஒரு நாள் உங்களைக் கேட்டேனே.

— கேட்டீங்க. கருவாட்டுச் சரக்குன்னு சொன்னேன்.

— கருவாட்டுச் சரக்குன்னா, நான் செலார் மீனோ குப்பை மீனோன்னு நினைச்சுக்கிட்டேன். அதுவும் சூரைன்னு நீங்க சொல்லலை.

— நீங்களும் அப்புறம் கேட்கலை.

— கேட்கலையா? கேட்காதது என் தப்பா? கூட்டிப் பாருங்க. வருசத்துக்கு ஐயாயிரத்து இருநூறு. அஞ்சு வருசத்துக்கு இருபத்தாறாயிரம் மீனு! இருபத்தாறாயிரம் தடவை மூக்கைப் பலகையில முட்ட வச்சிருக்கேன் நான். மழையில நின்னிருக்கேன், காய்ச்சலோட வந்திருக்கேன். ஹரி ராயாப் பெருநாள் அன்னிக்குக்கூட நீங்க கடை திறக்கலைன்னு அடுத்த கடையில போய் நின்னிருக்கேன்.

— அன்னிக்கும் அவன்கிட்டச் சொல்லி வச்சிருந்தேன், மேசை மேல வைடான்னு.

— அடப்பாவி! ஏன் பாய்? என் மேல உங்களுக்கு என்ன விரோதம்?

— விரோதமா? என்ன பேச்சு பேசுறீங்க. ஒரு சர்க்கார் ஆளு பலகையைத் தூக்கிக்கிட்டு நம்ம கடைக்கு வர்றாரு. அவர் முன்னால அழுகலையும் குட்டியையுமா வைப்பேன்? நல்லதா வச்சேன். மரியாதைன்னு நினைச்சேன். கல்யாண வீட்டுல பெரிய துண்டைப் பார்த்துப் போடுறதில்லையா? நீங்க அளந்து என்ன பண்ணுவீங்கன்னு எனக்கு என்ன தெரியும்? நீளத்தை எழுதிக்கிட்டுப் போறீங்க, ஏதோ புஸ்தகத்துக்குன்னு நினைச்சேன். அதை வச்சுத்தான் கடலுக்கே அளவு போடுவாங்கன்னு நேத்து தியாகு சொல்லித்தான் தெரியும். வல்லாஹி, நேத்துத்தான் தெரியும்.

— மரியாதையாம், மரியாதை. உங்க மரியாதையால முப்பது போட்டு வரப்போகுது.

— ஏங்க, அவர்கிட்ட ஏன் கத்துறீங்க? நான் ஒண்ணு சொல்றேன்—

— தங்கச்சி, வேணாம்.

— என்ன வேணாம்?

— இன்னொரு கோப்பி வேணாம்னேன் கிராணி. வேற ஒண்ணும் இல்ல.

— கோப்பி கிடக்கட்டும். எனக்கு ஒரு விசயம் சொல்லுங்க. முப்பது போட்டு வந்து இந்த மாதிரி அள்ளுனா எத்தனை வருசம் தாங்கும்?

— ரெண்டு வருசம் தாங்காது. போட்டுக்காரனுக்கு என்ன, கடல் காஞ்சா வேற கரைக்குப் போயிடுவான். நம்ம கம்பத்துல எழுபது சம்பான் இருக்கு. அவன் எங்க போவான்? அவனுக்கு என்ஜினும் இல்ல, வேற தொழிலும் தெரியாது. அதுக்குத்தான் கிராணி ஓடி வந்தேன். என்னைத் திட்டுங்க, அடிங்க, கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க.

— போடலைன்னா ஏன் போடலைன்னு துரை கேட்பாரு.

— அளவு தப்புன்னு சொல்லுங்க.

— ஏன் தப்பாச்சுன்னு அடுத்து கேட்பாரு. மேசையில இருந்ததை மட்டும் அளந்தேன்னு சொல்லணும். தரையில இருந்ததை ஏன்டா அளக்கலைன்னு கேட்பாரு. அதுக்கு நான் என்ன சொல்றது?

— என்ன சொல்லுவீங்க?

— குனிய முடியலைன்னுதான் சொல்லணும். அதுதானே நிஜம். பாய், நீங்க என்னை ஏமாத்தினது இருக்கட்டும், நானும் ஒண்ணைச் சொல்லிடுறேன். அந்தக் கூடைகளை எட்டிப் பார்க்கணும்னு எனக்கு எத்தனையோ நாள் தோணியிருக்கு. குனிஞ்சா எந்திரிக்க ஆளு வேணும். பாசார்ல அத்தனை பேர் முன்னால ஒருத்தன் என்னைத் தூக்கி நிறுத்துறதா? அதான் பார்க்கலை. கருவாட்டுச் சரக்குன்னு நீங்க சொன்னது எனக்கு வசதியாப் போச்சு.

— அதை விடுங்க.

— எப்படி விடுறது? உங்களுக்குத் தெரியாது, அம்பத்து மூணுல என் வேலை போக இருந்துச்சு. ஆஸ்பத்திரியில டாக்டர் பார்த்துட்டு, இவனால குனிய முடியாது, இந்த வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதிட்டாரு. துரைதான், ஆறு மாசம் பார்ப்போம், போற நாளெல்லாம் அம்பது மீனு அளக்க முடியலைன்னா வீட்டுக்கு அனுப்பிடலாம்னாரு. அந்த ஆறு மாசமும் நான் ஒரு நாள்கூடத் தவறலை. அம்பதுன்னா அம்பது. டாக்டர் எழுதினதைத் துரை டிராயர்ல போட்டு மூடிட்டாரு. அதுல எனக்கு ஒரு பெருமை இருந்துச்சு பாய். முதுகு ஒடிஞ்சவன் என் தெம்பாலயே நின்னு காட்டிட்டேன்னு.

— பெருமைப்பட வேண்டியதுதான். யாரு இல்லைன்னது?

— எல்லாம் மேசை குடுத்த பெருமை. இப்ப டிராயரைத் திறப்பாங்க. இன்னும் நாலு வருசம் போனா எனக்குப் பென்ஷன். இதை எழுதினா அதுவும் போச்சு. புது ஆபீசர் வர்றாரு, சின்ன வயசு, வந்ததும் முதல் வேலையா என்னைத்தான் அனுப்புவாரு. என்ன செய்யணும்னு தெரியலை. நிஜமாவே தெரியலை. ஒரு பக்கம் பார்த்தா, காலையில போய் ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்து படுத்துடலாம். யாரும் கேட்கப் போறதில்ல. துரையும் சந்தோசமாக் கப்பலேறுவாரு.

— போடுவீங்களா?

— போட மாட்டேன். போட முடிஞ்சா இப்படிப் புலம்பிக்கிட்டுக் கிடப்பேனா?

— அப்ப நான் ஒரு வழி சொல்றேன், கேட்டுக்குங்க. என் பேர்ல எழுதுங்க.

— என்னது?

— மீன் வியாபாரி சிஹாபுதீன் தெரிஞ்சே என்னை ஏமாத்தினான், பெருசை மட்டும் பொறுக்கி என் முன்னால வச்சான், சின்னதை மறைச்சான்னு எழுதுங்க. அப்ப உங்க முதுகைப் பத்தி எவன் கேட்பான்? ஏமாந்தவரைக் கேட்க மாட்டாங்க, ஏமாத்தினவனைத்தான் தேடுவாங்க.

— உங்க கடை என்ன ஆகும்?

— பாசார்ல இருக்க விடமாட்டாங்க. விடாட்டிப் போகட்டும். செமாபோக்குல மருமகன் கருவாட்டுக் கடை வச்சிருக்கான், அங்க ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்குவேன். எனக்கும் அம்பத்தெட்டு ஆச்சு கிராணி. விடியக்காலம் மூணு மணிக்கு எந்திரிச்சு ஐஸ்ல கை வச்சு வச்சு விரலெல்லாம் மரத்துப் போச்சு. வெளியில வர ஒரு சாக்கு கிடைச்ச மாதிரி நினைச்சுக்கறேன்.

— முப்பது வருசம் நின்ன இடம் பாய் அது. திருட்டுப் பட்டத்தோட இறங்கணும்.

— பொறுக்கி வச்சது இந்தக் கைதானே? அதுல என்ன பொய்?

— மரியாதைக்கு வச்சேன்னு இப்பத்தானே சொன்னீங்க.

— அதையெல்லாம் இங்கிலீஷ்ல எழுத முடியுமா? துரைக்கு அது விளங்குமா? சுருக்கமா ஏமாத்தினான்னு எழுதுங்க, விளங்கிடும்.

— அண்ணே, நீங்க பேசாம இருங்க. இது நல்லால்ல. ஏங்க, நீங்க இதுக்கு ஒத்துக்கப் போறீங்களா?

— வேற என்ன வழி இருக்கு சிவகாமி?

— வேற வழி இருக்கோ இல்லையோ, செய்யாத தப்பை அவர் தலையில வைக்கிறதா?

— செய்யாத தப்பா? அவரே செஞ்சேன்னு சொல்றாரு. இவரு குட்டியையும் கலந்து வச்சிருந்தா இன்னிக்கு நான் இப்படி மாட்டியிருப்பேனா? ஏன், உனக்கு நான் வேலையில்லாம கிடக்கணுமா? தையல் மிஷினை வச்சு நீ எத்தனை நாளைக்கு ஓட்டுவே?

— நான் அதைச் சொல்லலைங்க.

— தங்கச்சி, நீங்க எனக்குக் கோப்பி குடுத்த கை. நான் சொல்றதைக் கேளுங்க. அவர் சொல்றபடி எழுதுங்க. புண்ணியமாப் போகும்.

— புண்ணியம். சரிதான்.

— பாய், உங்களுக்கு நான் என்ன செஞ்சுட்டேன்னு எனக்காக இதைச் செய்றீங்க? அஞ்சு நிமிசத்துக்கு முந்தி உங்களை அடப்பாவின்னேன்.

— அதெல்லாம் மனசுல வைக்கலை. எழுபது சம்பான் நிக்கணும். நீங்களும் நிக்கணும். ரெண்டும் நடக்குதுன்னா நான் ஸ்டூல்ல உக்காந்தா என்ன?

— எனக்கு ஓஞ்சு போச்சு பாய். சண்டை போடவும் தெம்பில்ல, வேற யோசிக்கவும் தெம்பில்ல. நீங்க சொல்றது தப்புன்னு தெரியுது. ஆனா வேணாம்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது. சிவகாமி, மேசையில பேனா இருக்கும். வெள்ளைத்தாளு எடுத்துக்க.

— நான் எழுதணுமா?

— எப்பவும் நீதானே எழுதுவே. என்னால இன்னிக்கு உக்கார முடியாது. நான் தமிழ்ல சொல்றேன், நீ கான்வென்ட்ல படிச்ச இங்கிலீஷ்ல போட்டுக்க. துரைக்கு உன் எழுத்து பழகினதுதான்.

— சொல்லுங்க.

— முதல்ல மரியாதையெல்லாம் போட்டுக்க. அப்புறம், சூரை மீன் அளவு சம்பந்தமான அறிக்கையில நான் கையெழுத்துப் போட முடியாத நிலையில இருக்கேன். எழுதிட்டியா?

— ம்.

— கடந்த அஞ்சு வருசமா நான் அளந்த மீன்கள் பிடிபட்ட மீன்களைச் சரியாக் காட்டலை. ஏலத்துக்குப் பொறுக்கின பெரிய மீன்களை மட்டுமே நான் அளந்திருக்கேன். தரையில கூடைகள்ல இருந்த சின்ன மீன்கள் என் அளவுல வரலை. நிஜமான சராசரி பதினொரு அங்குலத்துக்குக் கீழே இருக்கும்னு இப்பத் தெரியவருது.

— மெதுவாச் சொல்லுங்க. இன்னும் எழுதி முடிக்கலை.

— சரி, மெதுவாவே சொல்றேன். ஆகையினால ஆறாயிரம் பிக்கல்னு போட்ட அளவை நிறுத்தி வைக்கணும். புது லைசென்ஸ் எதுவும் குடுக்கக் கூடாது. மறுபடியும் ஒரு வருசம், எல்லாக் கூடையிலயும் கலந்து எடுத்து அளந்த பிறகுதான் எந்தத் தொகையும் போடணும்.

— அப்பாடா. அதைக் கோடு போட்டு எழுதுங்க தங்கச்சி.

— எழுதிட்டேன்ணே. ரெண்டு கோடு போட்டிருக்கேன்.

— இப்ப அந்த வரி. எப்படிச் சொல்றது... இந்தத் தவறு நேர்ந்த காரணம். மீன் வியாபாரி சிஹாபுதீன்...

— சொல்லுங்க கிராணி. தயங்காதீங்க.

— மீன் வியாபாரி சிஹாபுதீன், தெரிஞ்சே, பெரிய மீன்களை மட்டும் பொறுக்கி மேசை மேல வச்சு, என்னை ஏமாத்தினதுதான் காரணம். எழுது.

— எழுதிக்கிட்டிருக்கேன்.

— என்ன, இவ்வளவு நேரம் எழுதுறே? ஒரு வரிதானே.

— இங்கிலீஷ்ல கொஞ்சம் நீளுதுங்க.

— கிராணி, புக்கிட் பாரு பக்கம் மழை இருட்டிக்கிட்டு வருது. நான் சைக்கிள்ல போகணும். கையெழுத்தைப் போட்டுருங்க, நான் கண்ணால பார்த்துட்டுப் போறேன்.

— போடுறேன். சிவகாமி, தாளை இப்படிக் கொண்டா. படுத்தபடியே போட்டுடறேன்.

— முதல்ல படிச்சுக் காட்டுறேன்.

— படிக்க வேணாம் தங்கச்சி, எதுக்கு அதெல்லாம்? நேரமாச்சு.

— நீங்க உக்காருங்கண்ணே. எந்தக் காயிதத்தையும் இவர் கேட்காமக் கையெழுத்துப் போட மாட்டாரு. மேல சொன்னதெல்லாம் நீங்க சொன்னபடியே இருக்குங்க, ஒரு வார்த்தை மாத்தலை. கடைசியை மட்டும் தமிழ்ல படிக்கிறேன்.

— படி, படி. சட்டுன்னு படி.

— "வியாபாரி சிஹாபுதீன் யாரையும் ஏமாற்றவில்லை. குனிய முடியாத என் கணவரின் வேலை போய்விடக் கூடாது என்று, மீனைத் தரையிலிருந்து எடுத்து மேசை மேல் வைக்கும்படி ஐந்து வருடங்களுக்கு முன்பு அவர் கடைக்குப் போய் அழுதவள் நான். இப்படிக்கு, சிவகாமசுந்தரி."